வாங்காத கடனுக்கு வட்டி: செட்டிநாட்டில் ஐந்து நாள்

முதல் நாள்: பள்ளத்தூர்

நேற்று இரவு பல்லவனில் காரைக்குடி வந்து இறங்கியபோது மணி பத்தைத் தாண்டிவிட்டது. தூக்கக் கலக்கத்தில் வீட்டைச் சரியாகப் பார்க்கவில்லை. காலையில் எழுந்து முகப்பில் நின்று பார்த்தால் வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி எல்லாவற்றையும் தாண்டி, பின்வாசலுக்கு வெளியே அடுத்த தெருவில் ஒரு ஆடு நிற்பது தெரிகிறது. ஒரு தெருவில் ஆரம்பித்து இன்னொரு தெருவில் முடிகிற வீடு. பர்மாத் தேக்குத் தூண்களை ஆளுக்கொருவர் கட்டிப்பிடித்துப் படம் எடுத்துக்கொண்டோம். அது வேண்டாத வேலைதான், ஆனாலும் எல்லாரும் செய்கிறார்கள்.

வந்த காரணம், என் கல்லூரித் தோழியின் அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம். இங்கே ‘சாந்தி’ என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள். சாந்திக்கு நான்கு நாள் முன்பே வந்துவிட்டோம். நடுவில் ஊர் சுற்றலாம் என்பது திட்டம்.

சென்னையில் ஒரு ஆய்வகத்தில் ஃப்ளூ வைரஸின் மரபணு எழுத்துகளைப் படிப்பது என் வேலை. வருகிற மாதிரிகளில் மருந்துக்கு அடங்காத திரிபு ஏதாவது இருக்கிறதா என்று தேடுவோம். ஐந்து நாளும் வைரஸ் பற்றி வாயைத் திறக்கமாட்டேன் என்று ரயிலில் தோழியிடம் சத்தியம் செய்திருந்தேன். அந்தச் சத்தியம் காலை பத்து மணிக்கு அடுப்படியில் உடைந்தது.

சமையலுக்கு வந்திருந்த அண்ணன் முறத்தில் மசாலைச் சாமான்களைப் பரப்பிப் புடைத்துக்கொண்டிருந்தார். கல்பாசி, மராட்டி மொக்கு, சோம்பு, அப்புறம் ஒரு பெரிய குவியலாக அன்னாசிப்பூ. ஒரு பூவைக் கையில் எடுத்தேன். எட்டு இதழ், ஒவ்வொன்றிலும் ஒரு பளபளப்பான விதை.

“அண்ணே, பன்றிக் காய்ச்சலுக்குக் கொடுக்கிற டாமிஃப்ளூ மாத்திரையை இந்தப் பூவிலிருந்துதான் செய்ய ஆரம்பிச்சாங்க.”

அவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, “அப்ப நம்ம கோழிக் குழம்பே மருந்துன்னு சொல்லுங்க” என்றார்.

அதுதான் இல்லை. இந்தப் பூவில் ஷிகிமிக் அமிலம் என்று ஒன்று இருக்கிறது. 1885இல் ஜப்பானிய அன்னாசிப்பூவிலிருந்து முதலில் பிரித்தெடுத்தார்கள். அந்த மரத்துக்கு அங்கே ஷிகிமி என்று பெயர். ஜப்பானியப் பூ விஷம், சமையலுக்கு ஆகாது. நாம் வாங்குவது தென்சீனாவிலும் வியட்நாமிலும் விளைகிற வேறு வகை. அந்த அமிலத்தை மூலப்பொருளாக வைத்துப் பல கட்ட வேதிவினைக்குப் பிறகு கிடைப்பது ஓசல்டாமிவிர். அதன் கடைப்பெயர் டாமிஃப்ளூ, சந்தைக்கு வந்தது 1999இல். 2005இல் பறவைக் காய்ச்சல் பயத்தில் நாடுகள் மாத்திரையை வாங்கிக் குவித்தபோது உலகச் சந்தையில் அன்னாசிப்பூவுக்கே தட்டுப்பாடு வந்தது. பிறகு பாக்டீரியாவை வைத்து அமிலத்தைத் தயாரிக்கவும் பழகிக்கொண்டார்கள். பூவுக்கும் மாத்திரைக்கும் இடையே உள்ள தூரம், நெல்லுக்கும் கந்தரப்பத்துக்கும் இடையே உள்ள தூரத்தைவிட அதிகம். அன்னாசிப்பூக் கஷாயம் குடித்தால் ஃப்ளூ வராது என்று வாட்ஸப்பில் வருவதைத் தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள்.

“சரி, மாத்திரை என்னதான் பண்ணும்?” என்று அண்ணன் கேட்டார். புடைப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டதால் சொல்லியே ஆகவேண்டியிருந்தது. நம் செல்லுக்குள் பெருகிய வைரஸ் வெளியே வரும்போது செல்லின் மேல்பரப்பில் உள்ள ஒரு சர்க்கரையில் ஒட்டிக்கொள்ளும், பலாச்சுளை எடுக்கிற கையில் பால் ஒட்டுகிற மாதிரி. அதை வெட்டிக்கொண்டு விடுபட வைரஸிடம் ஒரு கத்தரி உண்டு. நியூராமினிடேஸ் என்று பெயர், எச்1என்1 என்பதில் வரும் ‘என்’ அதுதான். மாத்திரை போய் அந்தக் கத்தரியின் வாயில் மாட்டிக்கொள்ளும். கத்தரி மூடாது, வைரஸ் அங்கேயே ஒட்டிக்கொண்டு கிடக்கும்.

மதியச் சாப்பாடு உப்புக்கறி, மிளகு ரசம், வெள்ளைப் பணியாரம். மீதி நாளைத் தூங்கியே கழித்தேன். ராத்திரி மாடியில் ஒரு குழந்தை இருமும் சத்தம் கேட்டது.

இரண்டாம் நாள்: வீட்டிலேயே

கானாடுகாத்தான் அரண்மனையைப் பார்ப்பதாக இருந்தது. போகவில்லை. இருமியது தோழியின் தம்பி மகன், ஆறு வயது. முந்தாநாள்தான் சிங்கப்பூரிலிருந்து வந்திருக்கிறான். காலையில் 103 டிகிரி காய்ச்சல், உடம்பு வலி, கண்ணைத் திறக்கமாட்டேன் என்கிறான். காரைக்குடிக்குக் கொண்டுபோனோம். டாக்டர் பார்த்துவிட்டு, ஊர் முழுக்க ஃப்ளூதான் என்று சொல்லி, எடைக்கேற்றபடி ஓசல்டாமிவிர் சிரப் எழுதினார். ஒரு நாளைக்கு இரண்டு வேளை, ஐந்து நாள். காய்ச்சல் தொடங்கி 48 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் நல்ல பலன். முதல் கடையில் சிரப் இல்லை, இரண்டாவது கடையிலும் இல்லை. மூன்றாவது கடைக்காரர் ஃபிரிஜ்ஜுக்குப் பின்னால் கையை விட்டுத் தேடி ஒன்றே ஒன்று எடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் ஆச்சி, அதாவது தோழியின் அம்மா, மருந்துச் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “ஆன்டிபயாடிக் எழுதலையே? என்ன டாக்டரு?”

“ஆச்சி, ஆன்டிபயாடிக் பாக்டீரியாவுக்குத்தான். ஃப்ளூ வைரஸை அது ஒன்னும் செய்யாது.”

ஆச்சி நம்பவில்லை. சாந்தி வீட்டில் காய்ச்சல் என்றால் ஊர் என்ன சொல்லும் என்பது அவருடைய உண்மையான கவலை. பையனையும் அவன் அம்மாவையும் மாடி அறையில் ஒதுக்கி வைத்தோம். முக்கியமாக ஐயா பக்கம் போகக் கூடாது. ஐயா தோழியின் தாத்தா. எண்பத்தாறு வயது. பார்க்கின்சன் நோயால் கை நடுங்கும், பேச்சு நடுங்காது. அந்தக் காலத்தில் பெட்டியடியில் உட்கார்ந்து கணக்குப் பார்த்தவர், இன்னமும் எதையும் வரவு செலவாகத்தான் பார்ப்பார்.

மாலையில் பட்டாலையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மாத்திரை டப்பாவைத் திறந்து கொடுக்கச் சொன்னார். ஒரு அட்டையைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அமன்டடைன்.

“என்னாத்தா, என் வியாதி ஒனக்குச் சிரிப்பா இருக்கா?”

“இல்லைங்கய்யா. இது எங்க ஆளு.”

ஃப்ளூவுக்கென்று வந்த முதல் மாத்திரையே அமன்டடைன்தான். 1966இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஃப்ளூ வராமல் இருக்க அதைச் சாப்பிட்ட ஒரு பார்க்கின்சன் நோயாளிக்கு நடுக்கம் குறைவதைத் தற்செயலாகக் கவனித்து, 1969இல் அதை எழுதி வெளியிட்டார்கள். இன்றைக்கு ஃப்ளூவுக்கு அதைப் பரிந்துரைப்பதில்லை. உலகத்தில் சுற்றுகிற ஃப்ளூ ஏ வைரஸ்களில் ஏறக்குறைய எதுவும் அதற்கு அடங்குவதில்லை. வந்த வேலையில் தோற்றுப்போய், வராத வேலையில் நிலைத்துவிட்ட மாத்திரை.

“மாடியில இருக்க பயலுக்குக் காய்ச்சல். நான் தினம் இதத் திங்கிறேன். அப்ப எனக்கு வராதா?”

“வரும். அதனாலதான் பையனை உங்ககிட்ட விடமாட்டேங்கிறோம்.”

கொஞ்ச நேரம் யோசித்தார். “எல்லாப் பயலும் கண்டபடி முழுங்கியிருப்பான். அதான் வேல செய்யாமப் போச்சு.”

இதைத்தான் எல்லாரும் நினைக்கிறார்கள். நானும் படிக்கிற காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். அதிகமாக விழுங்கினால் எதிர்ப்பு வரும், பாக்டீரியாவுக்கு அது பெருமளவு சரி. ஃப்ளூவில் கணக்கு அப்படி நேராக வரவில்லை. ஐயாவிடம் நார்வே கதையைச் சொன்னேன்.

2008 ஜனவரியில் நார்வே ஒரு எச்சரிக்கை விட்டது. அந்தக் குளிர்காலத்தில் அங்கே சோதித்த எச்1என்1 வைரஸ்களில் மூன்றில் இரண்டு பங்கு ஓசல்டாமிவிருக்கு அடங்கவில்லை. நார்வேக்காரர்கள் அந்த மாத்திரையை வாங்குவதே அபூர்வம். உலகத்திலேயே அதிகமாக விழுங்கிக்கொண்டிருந்தது ஜப்பான். அங்கே அதே பருவத்தில் எதிர்ப்பு வைரஸ் மிகக் குறைவு. அடுத்த குளிர்காலத்துக்குள் உலகம் முழுக்க அந்த எச்1என்1 ஏறக்குறைய மொத்தமும் எதிர்ப்பு வைரஸாக மாறிவிட்டது.

ஐயா நடுங்கும் விரலை நீட்டினார். “தின்னவன் ஜப்பான்காரன். அடங்காமப் போனது நார்வேயில. வாங்காத கடனுக்கு வட்டி கட்டுன கதையால்ல இருக்கு. கணக்கு எங்கயோ ஒதைக்குதே.”

உதைக்கத்தான் செய்கிறது. எனக்கு அன்று தூக்கம் வர நேரமானது. இதை அவருக்குப் புரிகிற மாதிரி எப்படிச் சொல்வது?

மூன்றாம் நாள்: ஆத்தங்குடி, காரைக்குடி

பையன் காலை வேளை மருந்தை வாந்தி எடுத்துவிட்டான். வெறும் வயிற்றில் கொடுத்தால் குமட்டும். ஒரு இட்லியைச் சாப்பிட வைத்து, டாக்டரிடம் போனில் கேட்டுக்கொண்டு மறுபடி கொடுத்தார்கள், நின்றது. நாங்கள் ஆத்தங்குடிக்குக் கிளம்பினோம்.

தரையில் பதிக்கும் பூக்கல் செய்யும் கொட்டகை ஒன்றில் ஒரு மணி நேரம் நின்றேன். கண்ணாடிப் பலகை, அதன்மேல் உலோக அச்சு. சிவப்பு, மஞ்சள், பச்சை என்று கரைத்த சிமெண்டைச் சின்னக் கரண்டியால் அச்சின் அறைகளில் ஊற்றுகிறார்கள். அச்சை மெல்லத் தூக்கினால் கண்ணாடியில் பூ நிற்கும். மேலே மணலும் சிமெண்டும் தூவி, பின்பக்கக் கலவையைப் போட்டு அழுத்தி, தண்ணீரில் ஊறவைத்து, வெயிலில் காயவைக்கிறார்கள். சூளை கிடையாது. கண்ணாடியில் பட்ட பக்கம்தான் மினுமினுப்பு.

“ஒரு கல்லும் இன்னொரு கல்லும் அச்சா ஒன்னுபோல இருக்காதும்மா. கைவேலைல” என்றார் ஊற்றிக்கொண்டிருந்த அண்ணன். நான் பார்க்கும்போதே ஒரு கல்லில் சிவப்பு மஞ்சளுக்குள் இறங்கிவிட்டது. எடுத்து ஓரமாக வைத்தார். அங்கே அப்படி ஓரம்போன கல் ஒரு சின்ன அடுக்கே இருந்தது.

ஐயாவுக்கான பதிலில் பாதி இங்கே கிடைத்தது. ஃப்ளூ வைரஸின் மரபணு சுமார் 13,500 எழுத்து, எட்டுத் தனித் துண்டுகளாக இருக்கும். அதை நகலெடுக்கும் நொதி கை நடுங்குகிற எழுத்தர். முழுதாக ஒரு நகல் எடுத்தால் ஏறக்குறைய ஒரு எழுத்தாவது தப்பிவிடும். தப்பைப் பார்த்து ஓரமாக எடுத்துவைக்க அங்கே ஆளில்லை. (கொரோனா வைரஸிடம் பிழை திருத்தும் நொதி உண்டு. ஃப்ளூவிடம் அதுவும் கிடையாது.) ஒரு ஆளின் தொண்டையில் கோடிக்கணக்கில் நகல் ஓடும்போது, மருந்துக்கு அடங்காத எழுத்துப் பிழை எங்கோ ஒரு மூலையில் தானாகவே விழுந்திருக்கும். மாத்திரை அதை உண்டாக்குவதில்லை. மற்றதை அழித்து அதற்கு வழிவிடுகிறது, அவ்வளவுதான்.

நார்வே வைரஸில் மாறியது ஒரே ஒரு எழுத்து. அதனால் நியூராமினிடேஸ் புரதத்தில் 275ஆவது இடத்தில் இருந்த ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் போய், டைரோசின் என்ற இன்னொன்று வந்து உட்கார்ந்தது. எங்கள் தொழிலில் எச்275ஒய் என்போம்.

மாற்றம் எப்படி வேலை செய்கிறது என்பதைக் காரைக்குடியில் பழைய பொருள் விற்கும் முனீஸ்வரன் கோயில் தெருவில் தோழிக்குக் காட்டினேன். ஒரு கடையில் முழங்கை நீளச் சாவிகள் கொத்தாகத் தொங்கின. கத்தரியின் வாயைப் பூட்டின் துளையாக நினைத்துக்கொள்ளுங்கள். அதில் இயல்பாகப் பொருந்துவது செல்லின் மேலிருக்கும் அந்தச் சர்க்கரை, அதுதான் அசல் சாவி. ஓசல்டாமிவிர் அசலைப் போலவே செய்ததுதான், ஆனால் ஒரு பக்கம் கொழுத்த வால் ஒன்று கூடுதலாக உண்டு. அந்த வாலுக்கு இடம் வேண்டுமென்றால் துளைக்குள் 277ஆவது இடத்தில் நிற்கிற பக்கத்துவீட்டுக்காரர் சற்றுத் திரும்பி ஒதுங்க வேண்டும். 275இல் பருத்த டைரோசின் வந்து நெருக்கினால் அவரால் திரும்ப முடியாது. வால் நுழையாது. அசல் சாவிக்கு வால் இல்லை, அது எப்போதும்போலப் பொருந்தும், வைரஸின் பிழைப்பு நடக்கும்.

ஜனாமிவிர் என்று இன்னொரு மருந்து இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் 1989இல் உருவாக்கியது. அதற்கும் அந்த வால் இல்லை, அசலை ஒட்டியே செதுக்கியது. எச்275ஒய் வந்த வைரஸ் அதற்கு இன்னமும் அடங்கும். ஆனால் அது வாயால் உறிஞ்ச வேண்டிய பொடி. ஜனங்களுக்கு மாத்திரைதான் பிடிக்கும், விற்றதும் அதுதான். நல்ல சாவி அலமாரியிலேயே இருந்தது.

கடைக்காரர் நாங்கள் எதையும் வாங்கப் போவதில்லை என்பதைப் புரிந்துகொண்டு மின்விசிறியை அணைத்துவிட்டார்.

ராத்திரி ஐயாவிடம் மீதிப் பாதியைச் சொன்னேன். எச்275ஒய் முன்னாலிருந்தே ஆய்வகத்திலும் நோயாளிகளிடமும் தலைகாட்டிய மாற்றம்தான். ஆனால் அது வந்தால் கத்தரி சரியாக மடியாது, செல்லின் மேல்பரப்புக்குப் போதுமான அளவு வந்து சேராது. நொண்டி வைரஸ். மருந்து இல்லாத ஊரில் மற்ற வைரஸோடு ஓட முடியாமல் பின்தங்கிச் செத்துப்போகும். அதனால் பயமில்லை என்று நிபுணர்கள் நம்பியிருந்தார்கள். 2010இல் ஜெஸ்ஸி ப்ளூம், டேவிட் பால்டிமோர் குழுவினர் என்ன நடந்தது என்று காட்டினார்கள். எச்1என்1 வைரஸில் அதற்கு முன்பே வேறு இரண்டு எழுத்துகள் மாறியிருந்தன, 222ஆம் இடத்திலும் 234ஆம் இடத்திலும். அவற்றுக்கும் மருந்துக்கும் சம்பந்தமே இல்லை. அவை இருந்ததால், எச்275ஒய் வந்தபோது கத்தரி நொண்டவில்லை. மருந்து இல்லாத நார்வேயிலும் அது சம பலத்தோடு ஓடியது.

ஐயா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். தூங்கிவிட்டாரோ என்று நினைத்தேன்.

“அப்ப கடன வாங்குனது வேற பய. ஜாமீன் கையெழுத்து முன்னாடியே விழுந்திருக்கு.”

இதைவிட நன்றாக நான் எந்த வகுப்பிலும் கேட்டதில்லை.

நான்காம் நாள்: வேட்டங்குடி

விடிய ஐந்து மணிக்குக் கிளம்பினோம். திருப்பத்தூர் சாலையில் நடைபயணிகள் கூட்டம் கூட்டமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். தைப்பூசத்துக்கு இன்னும் பத்துப் பன்னிரண்டு நாள் இருக்கிறது, அதற்குள் சாலையோரம் பழனிக் கால்கள் தெரிய ஆரம்பித்துவிட்டன. பிள்ளையார்பட்டியில் ஒரு கும்பிடு. குன்றக்குடியைத் திரும்பும்போது பார்க்கலாம் என்று விட்டோம், பார்க்கவில்லை.

வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம் என்பது உண்மையில் கண்மாய்கள். பக்கத்து ஊர்க்காரர்கள் பறவைகள் பயந்து போய்விடும் என்று தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. பல தலைமுறையாக நடப்பது, யாரும் சட்டம் போட்டு வந்ததில்லை. கரைமேல் நின்றபோது பனி விலகி, கருவேல மரம் முழுக்கச் சங்குவளை நாரைகளும் நத்தைகுத்திகளும் தெரிந்தன. தண்ணீரில் வாத்துக் கூட்டம். பைனாகுலரைத் தோழி ஒரு மணி நேரம் என்னிடம் தரவில்லை.

நான் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தேன், தொழில் புத்தி. ஃப்ளூ ஏ வைரஸின் பூர்வீக வீடு மனிதர்கள் இல்லை, காட்டு நீர்ப்பறவைகள்தான். நமக்கு அது மூக்கிலும் தொண்டையிலும் வரும். வாத்துக்குக் குடலில். பெரும்பாலும் வாத்துக்கு ஒன்றும் ஆகாது, எச்சத்தோடு தண்ணீரில் இறங்கி அடுத்த வாத்துக்குப் போகும். இப்போது மனிதன் ஓசல்டாமிவிர் விழுங்குகிறான். அதில் பெரும்பகுதி செயல்படும் வடிவத்திலேயே சிறுநீரில் வெளியேறும். சாதாரணக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு அதை உடைப்பதில்லை. ஜப்பானில் ஃப்ளூ பருவத்தில் ஆற்றுநீரில் அந்த மருந்தை அளந்திருக்கிறார்கள். வாத்து நீந்துகிற தண்ணீர் அது.

ஸ்வீடனில் உப்சாலா ஆராய்ச்சியாளர்கள் இதைச் சோதித்து 2011இல் வெளியிட்டார்கள். காட்டு வாத்துகளுக்கு எச்1என்1 தொற்ற வைத்து, அவை இருக்கும் தண்ணீரில் மிகச் சிறிய அளவு மருந்தைக் கலந்தார்கள். லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராம் அளவிலேயே அதே 275ஆம் இடத்து மாற்றம் வாத்தின் உடம்பில் எழுந்து நின்றது. வாத்து மாத்திரை விழுங்கவில்லை, தண்ணீர் குடித்தது. (இந்தக் கண்மாயில் அப்படி ஏதாவது இருப்பதாக நான் சொல்லவில்லை. பறவையைப் பார்த்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வந்தால் போதும்.)

கரையில் ஒரு பழைய மடை இருந்தது. ஐயாவின் அமன்டடைனைத் தோழிக்கு அதை வைத்துச் சொன்னேன். வைரஸின் மேலுறையில் எம்2 என்று ஒரு மடை உண்டு. வைரஸ் செல்லுக்குள் போனதும் அந்த மடை வழியாக அமிலம் உள்ளே பாய்ந்து உறை கழன்று மரபணு வெளியே வரும். அமன்டடைன் மடையை அடைக்கிற கல். 31ஆவது இடத்தில் செரின் போய் அஸ்பரஜின் வந்தால் கல் உட்காராது. 1990களில் இந்த வைரஸ் நூற்றில் ஒன்றுகூட இல்லை. 2005-06 பருவத்தில் அமெரிக்காவில் எச்3என்2 என்ற இன்னொரு வகை ஃப்ளூ வைரஸ்களில் பத்துக்கு ஒன்பதுக்கு மேல் அப்படி. 2006 ஜனவரியில் இனி இந்த மருந்தை ஃப்ளூவுக்குக் கொடுக்காதீர்கள் என்று அறிவித்துவிட்டார்கள்.

இதில் கோழிக்கும் பங்கு உண்டு. சீனாவில் பண்ணைக் கோழிகளுக்கு அமன்டடைனைக் கொடுத்ததாக 2005இல் செய்தி வந்து பெரிய சர்ச்சையானது. ஐயா பாஷையில், அங்கே கடன் வாங்கியது கோழி. ஆனால் மனிதர்களின் எச்3என்2 வைரஸில் அந்த மாற்றம் பரவிய வேகத்துக்கு மருந்து மட்டும் காரணமாக முடியாது. மருந்து குறைவாகப் புழங்கிய இடங்களிலும் பரவியது. நன்றாக ஓடுகிற ஒரு வைரஸ் வண்டியின் எட்டுத் துண்டுகளில் ஒன்றில் இந்த எழுத்து ஓசிப் பயணியாக ஏறிக்கொண்டது. வண்டி ஜெயித்தது வேறு காரணத்துக்காக, பயணியும் கூடவே ஊர்போய்ச் சேர்ந்துவிட்டான்.

திரும்பும் வழியில் ஒரு பன்றி குட்டிகளோடு சாலையைக் கடந்தது, கார் நின்றது. பன்றியின் மூச்சுப்பாதையில் பறவை வைரஸ் பிடிக்கிற கொக்கியும் உண்டு, மனித வைரஸ் பிடிக்கிற கொக்கியும் உண்டு. இரண்டு வைரஸ் ஒரே செல்லில் சந்தித்தால் எட்டுத் துண்டுகளையும் சீட்டுக்கட்டு மாதிரி கலைத்துப் போடும். 2009இல் வந்த புதிய எச்1என்1 பன்றிகளிடம் அப்படிக் கலைந்து வந்ததுதான். அதன் எம் துண்டு, அதாவது எம்2 மடை எழுதியிருக்கும் துண்டு, ஐரோப்பிய, ஆசியப் பன்றி வம்சத்தைச் சேர்ந்தது. அதில் 31ஆம் இடத்தில் ஏற்கெனவே அஸ்பரஜின், அதாவது அமன்டடைனுக்கு அடங்காத வைரஸாகவே பிறந்தது. ஆனால் அதன் நியூராமினிடேஸ் சுத்தமானது, ஓசல்டாமிவிருக்கு அடங்கியது. அது பரவிய வேகத்தில் பழைய எச்1என்1 மனிதர்களிடமிருந்தே காணாமல் போனது, நார்வேயில் தலைதூக்கிய எதிர்ப்பையும் கூடவே எடுத்துக்கொண்டு. ஒரு பன்றி வைரஸ் ஒரு மருந்தை மூடி இன்னொரு மருந்தைத் திறந்துவிட்டது. யாரும் திட்டம் போட்டு இதைச் செய்திருக்க முடியாது.

2024இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் எட்டுக் கோழிப்பண்ணைகளில் எச்5என்1 பறவைக் காய்ச்சல் வைரஸில் எச்275ஒய் இருந்தது. எண் அதே எண்தான், ஊரும் உடம்பும் வேறு. எங்கள் ஆய்வகத்தில் அந்தச் செய்தி வந்த அன்று யாரும் டீ குடிக்கப் போகவில்லை.

வீட்டுக்கு வந்தால் பையனுக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டது. மருந்தை நிறுத்தலாமா என்று அவன் அம்மா கேட்டாள். ஐந்து நாளையும் முடிக்கச் சொன்னேன். குழந்தைகள் உடம்பில் வைரஸ் பெரியவர்களைவிட அதிகமாக, அதிக நாள் இருக்கும், அதனால் எதிர்ப்புப் பிழை மேலெழும் வாய்ப்பும் கூடுதல். 2018இல் வந்த பலோக்சாவிர் ஒரே வேளை மாத்திரை, கேட்க நன்றாக இருக்கிறது. சோதனைகளில் அதைச் சாப்பிட்ட பெரியவர்களில் பத்தில் ஒருவரிடம் எதிர்ப்பு மாற்றம் தெரிந்தது, குழந்தைகளில் ஏறக்குறைய நாலில் ஒருவரிடம்.

ஐந்தாம் நாள்: சாந்தி

எழுத நேரமில்லை. கும்பம், ஹோமம், தம்பதிக்குத் தலையில் தண்ணீர் ஊற்ற வரிசை, கவுனி அரிசி, நாதஸ்வரம். ஆச்சி புதுத்தாலி கட்டிக்கொள்ளும்போது அழுதார், அப்புறம் பந்தியில் யாருக்கு இலை போடவில்லை என்று சமையல் அண்ணனைக் கடிந்தார். பையன் முகக்கவசம் போட்டுக்கொண்டு மாடி வளைவிலிருந்து எட்டிப் பார்த்தான். ஐயாவிடம் அவனை விடவில்லை. அவர் கீழேயிருந்து கையை ஆட்டினார், நடுக்கத்தோடு ஆட்டியதால் இரண்டு மடங்கு ஆட்டியது மாதிரி இருந்தது.

நாளைக்கு விடியற்காலைப் பல்லவன். தொண்டை கொஞ்சம் கரகரக்கிறது. ஹோமப் புகையாக இருக்கலாம்.

ஒன்பது நாள் கழித்து: சென்னை

ஹோமப் புகை இல்லை. திருச்சி தாண்டுவதற்குள் உடம்பு முறுக்க ஆரம்பித்துவிட்டது, விழுப்புரத்தில் 102. பையனிடமிருந்து வந்ததா, சாந்திக் கூட்டத்திலா, ரயிலிலா, தெரியாது. மறுநாள் என் மூக்கிலிருந்து மாதிரி எடுத்துச் சக ஊழியரிடம் கொடுத்தேன். வரிசை இன்றுதான் வந்தது.

எச்1என்1, 2009 வம்சம். நியூராமினிடேஸில் 275ஆம் இடத்தில் ஹிஸ்டிடின். எம்2-வில் 31ஆம் இடத்தில் அஸ்பரஜின்.

பள்ளத்தூருக்குப் போன் போட்டேன். ஆச்சி முதலில் ஆன்டிபயாடிக் சாப்பிட்டாயா என்று கேட்டார். அப்புறம் ஐயாவிடம் கொடுத்தார். இரண்டு எண்களையும், 2009 பன்றிக் கதையையும் சொன்னேன்.

“பயலோட மருந்து ஒனக்குக் கேக்கும். என் மாத்திரை கேக்காது. அதானே?”

“அதேதாங்கய்யா.”

“சரி, அந்தப் பன்னிக்கு ஒருத்தரும் என் மாத்திரையக் குடுக்கலைல்ல?”

எனக்குத் தெரிந்து இல்லை என்றேன். எழுதிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அவர் கையால் எழுத முடியாது. யாரைவிட்டு எழுதச் சொன்னாரோ.